பிரேமலதா கேட்டு வாங்கிய மாத்திரை

இடைசெவல் சங்கரபாண்டியின் மகள் பிரேமலதா பத்தாவது படித்த வருஷம், மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வந்தாலே வேறு ஆளாகிவிடுவாள். எரிந்து விழுவாள், அழுவாள், "நான் இருந்து என்ன செய்ய" என்பாள். விலக்கான மறுநாளே தலைவாரிப் பள்ளிக்கூடம் கிளம்புவாள்.

பேயோட்டும் கோடாங்கியிடம் போகலாம் என்றார்கள் பக்கத்து வீட்டார். பிரேமலதா அம்மாவிடம் சொன்னாள்: "பேய்னா மாசாமாசம் கணக்கா வருமா? ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா."

அம்மா ஆறுமுகத்தாய் அவளைக் கோவில்பட்டிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் கிருஷ்ணவேணி உடனே மருந்து தரவில்லை. இரண்டு மாதம் கவனித்தார். மனநல மருத்துவர் ஒருவரிடமும் காட்டச் சொன்னார். பிறகுதான் சீட்டு எழுதினார்.

"இது மனச்சோர்வுக்குள்ள மாத்திரை. விலக்குக்கு முந்தி வர்ற இந்தத் தொந்தரவுக்கும் கேக்கும். விலக்குக்கு முந்தின ரெண்டு வாரம் மட்டும் போடணும். மொதல்ல குமட்டும். சாகணும்னு நெனப்பு கூடுச்சுன்னா ஒடனே இங்க வரணும். அம்மா கூடவே இருந்து பாத்துக்கோங்க."

மருந்துக்கடை சாமித்துரை, சங்கரபாண்டிக்குப் பழக்கமானவர். சீட்டைப் பார்த்ததும் சத்தமாகவே கேட்டார்.

"ஏட்டி, இது பைத்தியத்துக்குள்ள மாத்திரைல்லா! நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஆறுமுகத்தாய் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். பிரேமலதா நகரவில்லை.

"மாப்பிள்ளை வரும்போது நானே சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்க மாத்திரையக் குடுங்க."

அவர்கள் வீடு சேர்வதற்குள் செய்தி சங்கரபாண்டிக்கு எட்டிவிட்டது.

"ஊரே பேசுது. அது வேண்டாம்ட்டி," என்றார்.

"பேசட்டும்ப்பா. போன மாசம் நம்ம கெணத்து மேட்டுல தனியா நின்னேன். அப்ப ஊரா வந்துச்சு? நானாத்தான் திரும்பி வந்தேன். இனிமேலும் வருவேனான்னு எனக்குத் தெரியலப்பா."

சங்கரபாண்டி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு, மாத்திரை போடும் காலைகளில் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து நீட்டி, "போட்டுட்டியாம்மா?" என்று கேட்பவர் அவர்தான்.

முதல் சில நாட்கள் இட்லியைப் பார்த்தாலே பிரேமலதாவுக்கு ஓங்கரித்தது. அது அடங்கியது. அடுத்தடுத்த மாதங்களில் அழுகை குறைந்தது. கோபம் முழுக்கப் போகவில்லை. ஒருநாள் ஜியாமெட்ரி பெட்டியை வீசியெறிந்தாள். ஆனால் கிணற்று மேட்டு நினைப்பு திரும்ப வரவில்லை.

அரசுத் தேர்வில் கணக்குப் பரீட்சை சரியாக விலக்குக்கு முந்தைய வாரத்தில் விழுந்தது. பரீட்சை முடிந்து வந்தபோது, வெளியே வண்டியோடு நின்ற அப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

"கடைசிக் கணக்குதான் வரலப்பா. மத்ததெல்லாம் போட்டுட்டேன். பசிக்குது."

"ஏறும்மா," என்றார் சங்கரபாண்டி. "புரோட்டா திங்கப் போவோம்."