சோனாப்பூரில் வந்து நின்ற முகாம்

2006 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, துபாயில் நம் கூலியாட்கள் தங்கும் சோனாப்பூருக்குப் பின்னால் கிடந்த வெற்று மணலில், அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பிரித்துப் போட்ட சிறைமுகாம் ஒன்று முழுசாக வந்து நின்றது. தார்த்தாள் ஒட்டிய மரக் கொட்டகைகள் வரிசை வரிசையாக, மூலைக்கு ஒரு காவல் கோபுரம், சுற்றிலும் முள்கம்பி. ஜப்பானோடு சண்டை நடந்த காலத்தில், ஜப்பானிய முகம் இருந்த ஒரே குற்றத்துக்காகத் தன் நாட்டு ஜனங்களையே அமெரிக்கா குடும்பம் குடும்பமாக அடைத்து வைத்த இடம் அது. இதெல்லாம் நம் ஆட்களுக்கு எங்கே தெரியும்? கம்பெனி வெகுநாளாகப் புது கேம்ப் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதுதான் வந்துவிட்டது என்று நினைத்து, பெட்டி படுக்கையோடு ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் குடியேறிவிட்டார்கள். கம்பெனியும் வாயைத் திறக்கவில்லை. ஓசியில் வந்த கேம்ப்பை எந்த முதலாளி வேண்டாம் என்பான்?

பழைய ஆட்கள் காலி செய்யாமலே வந்திருந்தது சாயங்காலம்தான் தெரிந்தது. ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம், நடுவில் போர்வையைக் கட்டித் தடுத்துக்கொண்டு இருந்தது. நம் ஆட்களும் கட்டிலைச் சுற்றிப் போர்வை கட்டுகிறவர்கள்தானே, அதனால் இடிக்கவில்லை. ஆவி கீவி என்று ஒருத்தனும் அலறவில்லை. டூட்டி முடித்து வந்தவனுக்குக் குழாயில் தண்ணீர் வந்தால் போதும். அவர்கள் ஊறவைத்த முள்ளங்கி கொடுத்தார்கள், இவர்கள் கருவாட்டுக் குழம்பு கொடுத்தார்கள். வேலிக்கு உள்ளே மட்டும் பனிக்காலம். ஜூலையில் கம்பளி கேட்ட கேம்ப் துபாயிலேயே அது ஒன்றுதான். இன்னொன்று, அங்கே கட்டில் உள்ளவன் கண்ணுக்குத்தான் அந்தக் குடும்பங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்கு வெறும் கொட்டகை.

நம் ஆட்கள் வேலை பார்த்த கட்டட சைட்டில் மோரிதா என்று ஓர் அமெரிக்க இன்ஜினீயர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். பிறந்ததே அந்த முகாமில்தான். அவரைப் பெற்றுப் போட்டதும் தாய் செத்துப்போனாள். உள்ளே கேமரா வைத்திருக்கத் தடை, அதனால் அவள் படம் ஒன்றுகூட இல்லை. அப்பாவோ அந்தக் காலத்தைப் பற்றிப் பேசாமலே கண்ணை மூடிவிட்டார். கேள்விப்பட்டு ஓடி வந்த மனிதர் கொட்டகை கொட்டகையாகத் தேடினார். கொடியில் காய்கிற கைலிகளைத் தவிர எதுவும் தென்படவில்லை. மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

கம்பி கட்டுகிற பரமக்குடி வேலுச்சாமி அவரை உற்று உற்றுப் பார்த்தான். "சார், மோவாயில குழி, கண்ணுக்குக் கீழ மச்சம்... உங்க மூஞ்சிய அப்படியே உரிச்சு வச்ச மாதிரி ஒரு பொண்ணு இங்க இருக்கு சார். நெறமாசம். இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கிது."

கட்டில் ஒதுக்குகிற கேம்ப் பாஸ் கௌஸ் முகம்மது அதை இங்கிலீஷில் சொன்னார். மோரிதா இரண்டு கையாலும் தன் முகத்தைத் தடவிப் பார்த்தார். அவ்வளவு நாளும் அம்மாவின் முகத்தைத்தான் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறார்! பிள்ளை பிறந்துவிட்டால் அவள் இருக்கமாட்டாள் என்பதும் அவருக்குத்தானே தெரியும். உடனே ஒரு கட்டில் வேண்டுமென்று கெஞ்சினார்.

"வில்லாவுல இருக்கறவரு, இந்த மூட்டைப்பூச்சிக்குள்ள எப்படிப் படுப்பாரு?" என்றார் கௌஸ் முகம்மது.

"என் கட்டில்ல படுக்கட்டும் பாய். நான் கீழ படுத்துக்கறேன்," என்றான் வேலுச்சாமி.

அன்று சாயங்காலமே குழாயடி வரிசையில் அவள் நின்றாள். ஆம்பிளைக் கோட்டு, மடித்துவிட்ட கை, இருபத்திரண்டு வயசு இருக்கும். மோரிதா வாளியோடு அவள் பின்னால் போய் நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். வயிற்றுக்குள் இருப்பவனே பின்னாலும் நிற்கிறான் என்று அவள் எப்படி அறிவாள்? நரைத்த தலையைத்தான் கண்டாள்.

"பெரியவங்க நீங்க குளிர்ல நிக்கலாமா? முன்னாடி போங்க," என்று அவருடைய இங்கிலீஷிலேயே சொல்லி ஒதுங்கி நின்றாள்.

மறுநாளும் அவள் வழிவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை நிற்க வைத்துவிட்டுப் போகிறாரே என்று புதிதாக வந்தவன் ஒருத்தன் முணுமுணுத்தான். மோரிதா காதில் வாங்காமல் முன்னால் போய் நின்றார். அம்மா சொன்னால் பிள்ளை கேட்க வேண்டாமா?