கண் மூடிய பரங்கிகள்

வெண்டல் ஸ்டவுட் படம் எடுக்க ஷட்டரைத் திறந்தபோதெல்லாம் அவர் வீட்டு வராந்தாவிலிருந்த பரங்கிக்காய்கள் கண்ணை மூடிக்கொண்டன. ஹாலோவீன் பேய்த் திருவிழாவுக்காகக் கத்தியால் செதுக்கிய முக்கோணக் கண்களின் மேல் தோல் இமைபோல் இறங்கும். உள்ளே எரியும் மெழுகுவர்த்தியின் வெளிச்சம் வாய் வழியாக மட்டும் கசியும். ஒஹாயோவில் எங்கள் ஊரில் அந்த வருடம் பரங்கி விலை சற்று ஏறியிருந்தது. ஜனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கண் மூடுவதற்கு வைத்தியமாக இரும்புக்கடைக்காரர் தடித்த மெழுகுவர்த்தி வாங்கச் சொன்னார். பாதிரியார் விதையைக் குறை சொன்னார். பக்கத்து வீட்டு ரஸ் வேலிமேல் சாய்ந்து, "என்ன வெண்டல், உன் மூஞ்சிய அவ்வளவு கிட்டத்துல பாத்தா நானுந்தான் கண்ண மூடிக்குவேன்" என்றார்.

வெண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. அரிசோனாவில் இருக்கும் மகள் ஜோலீன், தன் அம்மா ஐரீன் மூலமாக ஒரு படம் கேட்டிருந்தாள்: ஹாலோவீன் இருட்டில் நம் வராந்தா. பேரனுக்குக் காட்ட வேண்டுமாம். அப்பாவும் மகளும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. முன்பொரு ஹாலோவீன் மாலையில், தனக்குப் பிடிக்காத மாப்பிள்ளையோடு அவள் கார் தெருமுனையில் திரும்புவதைக் கண்டு வெண்டல் வாசல் விளக்கை அணைத்துவிட்டார். வேடமிட்டு வரும் பிள்ளைகள் அன்றைக்கு விளக்கு எரியும் வீட்டில்தான் மிட்டாய் கேட்கலாம், அணைந்த வீட்டின் கதவைத் தட்டக்கூடாது என்பது எங்கள் ஊரில் தத்தி நடக்கும் பிள்ளைக்கும் தெரியும். கார் நிற்காமல் போனது. அவளைத் தொலைபேசியில் கூப்பிட வெண்டலுக்கு வாய் வரவில்லை. படம் போய்ச் சேர்ந்தால் மிச்சத்தை அது பேசிக்கொள்ளும் என்று நம்பினார்.

அதனால் படம் நன்றாக வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கேமராவை நிறுத்த முக்காலி வாங்கினார். படிகளில் சருகு பரப்பி, புதருக்குப் பின்னால் புகை மூட்டினார். வாசல் விளக்கு எரிந்தால் பரங்கிக்குள் இருக்கும் தணல் நிறம் செத்துவிடும் என்று ஒவ்வொரு வருடமும் அதை அணைத்துவிட்டுக் கேமராவுக்கு ஓடினார். பிள்ளைகள் எதிர்ச்சாரிக்கு ஒதுங்கிப் போனார்கள். மீந்த மிட்டாயை அவரே கிறிஸ்துமஸ் வரை தின்று தீர்த்தார். பரங்கிகள் கண்ணை மூடின. கேமராவை மாற்றினார், கெஞ்சினார், திட்டினார். ஒருமுறை இமைகளைக் கத்தியால் அறுத்தும் பார்த்தார்; அறுத்த இடத்தில் புதுத்தோல் இறங்கியது. இப்படியே வருடங்கள் போயின. பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான்.

ஒரு ஹாலோவீன் அன்று, தேனீ வேடமிட்ட சின்னப் பெண் ஒருத்தி இருண்ட வீட்டைப் பார்த்தபடி நடைபாதையிலேயே நின்றாள். ஷட்டர் திறந்திருந்தது. ஐரீன் உள்ளேயிருந்து வந்து விளக்கைப் போட்டார்.

"அணை, ஐரீன்! படமே நாசமாப் போச்சு!"

"போகட்டும். கொழந்த நிக்குது, தெரியலையா? லைட்ட அணைக்கறதத் தவிர உனக்கு வேற என்னதான் தெரியும்?"

வெண்டல் சுவிட்சை நோக்கிப் படியில் தாவினார். தேனீயும் மிட்டாய்க்கு ஓடிவந்தது. படத்தில் எல்லாம் வெளுத்துப் போயிருந்தது. தேனீ ஒரு மஞ்சள் கீற்று, வெண்டல் வாய் பிளந்த ஒரு நிழல். பரங்கிகள் மட்டும் எல்லாக் கண்களையும் அகலத் திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் அதை அழிக்கப் போனார். ஐரீன் கேமராவைப் பிடுங்கி, அந்தப் படத்தையே மகளுக்கு அனுப்பிவிட்டார்.

சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஐரீன் அசையவில்லை, வெண்டல்தான் எடுக்கவேண்டியிருந்தது.

"லைட்டு எரியுதேப்பா," என்றாள் ஜோலீன்.

"அம்மா போட்டா."

"அப்புறம் நீ அணைச்சிட்டியா?"

வெண்டல் ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தார். "இல்ல," என்றார்.

அடுத்த அக்டோபரில் ஜோலீன், மாப்பிள்ளை, பேரன் மூவரும் வந்தார்கள். மாப்பிள்ளை பரங்கிகளின் குடலை வழித்தார், வெண்டல் கத்தியைத் தீட்டிக் கொடுத்தார். மிட்டாய் தீர்ந்ததும் பேரன் எக்கிச் சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்தான். பரங்கிகள் ஒவ்வொன்றாகக் கண் மூடின. ஓரத்தில் இருந்த ஒன்று கொஞ்சம் மந்தம். அதுவும் மூடும்வரை நின்றுவிட்டு அவன் தூங்கப் போனான்.