சின்னவள் மேலே வந்த காலை

...முந்திவிட்டாளா, நிஜமாகவா, என்று அவள் மூன்றாம் முறையாக அளவுகோலை வைத்துப் பார்த்தாள், நீலக்கோடு சிவப்புக்கோட்டுக்கு மேலேதான் நின்றது, ஒரு பென்சில் முனை அளவுக்குத்தான், ஆனாலும் மேலே என்றால் மேலேதானே... பத்தொன்பது வருடமாக இந்தப் புள்ளிவிவர அறையில் அவளும் எதிர்மேசை அண்ணனும் இரண்டு குட்டித் தீவு நாடுகளை ஒப்பிட்டு வரைந்துகொண்டிருக்கிறார்கள், ஒரு வருடத்தில் அங்கே விளைந்தது, பிடித்தது, செய்தது, விற்றது எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று; சிவப்பு அவருடைய பெரியவன், நீலம் இவளுடைய சின்னவள். இரண்டு தீவையும் இருவருமே கண்ணால் கண்டதில்லை, அதனால் என்ன, காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வீட்டுக்காரர், "உன் சின்னவ எப்படியிருக்கா?" என்று கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிப்பது போலத்தானே விசாரிக்கிறார்...

எவருடைய தீவு மேலே இருக்கிறதோ அவருக்கு அந்த வருடம் முழுக்க ஜன்னலோர நாற்காலி, முதல் வருடம் விளையாட்டாகப் பேசிக்கொண்டது, பிறகு அதுவே சட்டமாகிப் போனது, பத்தொன்பது முறையும் அண்ணன்தான் உட்கார்ந்தார். பெரியவனிடம் சர்க்கரை ஆலை, விடுதிகள், துறைமுகம். சின்னவளிடம் என்ன இருக்கிறது, படகும் வலையும் கொஞ்சம் தென்னையும், பெரியவன்மேல் புயல் அடித்த வருடம் கிட்டே வந்துவிட்டாள், அந்தப் பக்கம் ஊரே அழும்போது நாம் நாற்காலிக்குச் சந்தோஷப்படுவதா என்று இவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள், மறு வருடம் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை எரிந்து சின்னவள் சறுக்கினாள்... "காத்து வருதா தங்கச்சி, சுவர் பக்கம்?" என்று கேட்டே உயிரை வாங்குவார் மனுஷன். வெள்ளிக்கிழமையோடு அவருக்கு ஓய்வு. அப்புறம் நாற்காலி தானாக இவளுக்குத்தான், ஆனால் ஆள் இல்லாததால் கிடைக்கிற நாற்காலியில் என்ன ருசி, ஒரே ஒரு தடவை, அவர் முகத்துக்கு நேராக ஜெயித்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

கேட்டது கிடைத்தது. வரைபடத்தை நீட்டினாள், அவர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் எழுந்து நாற்காலியில் போட்டிருந்த தன் குட்டி மெத்தையை உருவிக்கொண்டார். "உக்காரும்மா. இத்தனை வருஷத்துக்கும் சேத்து உக்காரு." "என்னண்ணே, சண்டை போடாம விட்டுட்டீங்க?" "வயசாயிடுச்சில்ல," என்று சிரித்தார். உட்கார்ந்தாள், அடடா, காற்றா இது, பொல்லாத காற்று, வந்த வேகத்தில் சின்னவளின் அறிக்கையைக் கலைத்து ஒரு தாளைத் தரையில் தள்ளியது, குனிந்து எடுத்தாள்... கடைசிப் பக்கம். எண்களைக் கண்டதும் தலைகால் தெரியாமல் கோடு போடப் பாய்ந்தவள், இதை எங்கே படித்தாள். அடியில் பொடி எழுத்து: இந்த வருடம் முதல், வீட்டுச் சமையலுக்கென்று பிடிக்கும் மீனும் கொல்லையில் விளையும் காயும் கணக்கில் சேர்க்கப்படுகின்றன.

விரல்விட்டுக் கழித்துப் பார்த்தாள், அந்த மீனையும் காயையும் எடுத்துவிட்டால் நீலம் மறுபடி கீழே, அப்படியானால் நான் ஜெயிக்கவில்லையா, எழுந்திருக்க வேண்டுமா, உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லையே... பொறு பொறு, போன வருடம் அவர்கள் மீன் பிடித்துச் சாப்பிடவில்லையா என்ன, அதற்கு முந்தின வருடம்? பத்தொன்பது வருடமும் அந்தக் குழம்பு கொதித்துக்கொண்டுதானே இருந்தது, எழுதத்தானே ஆள் இல்லை... அதையும் எழுதியிருந்தால் நீலம் எங்கே நின்றிருக்கும்? பெரியவன் கொல்லையிலும் காய் காய்த்திருக்குமே, அதை யார் எண்ணினார்கள்? நீலக்கோட்டின் நுனியில் ஒரு நட்சத்திரம் போட்டு, அந்தப் பொடி எழுத்தை வரைபடத்தின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினாள், எழுதி முடித்து அறிக்கைத் தாளைத் திருப்பி வைக்கும்போதுதான் கண்டாள், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக், வால் நீண்ட டிக், இந்த அறையில் ஒரே ஒருவர்தான் அப்படிப் போடுவார். நேற்று அறிக்கையைப் படித்துவிட்டு அவர்தானே இவளிடம் கொடுத்தார்... இத்தனை வருஷத்துக்கும் சேத்து, என்றாரே. "அண்ணே..." என்றாள். சுவரோர நாற்காலியில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்திருந்தவர் நிமிரவில்லை. "காத்து வருதா தங்கச்சி?" என்றார். வருகிறது, நன்றாகத்தான் வருகிறது, விட்டுக்கொடுத்தாரா, இல்லை, நிஜமாகவே தோற்றதாகக் கணக்குப் போட்டுவிட்டாரா...