முப்பத்தெட்டு வீடும் ஒரே முகவரியும்

காலை ஆறே முக்காலுக்குச் செம்பனைக் காட்டுக்குள் இன்னும் இருட்டு போகவில்லை. ராத்திரி பெய்த மழையில் மட்டைகளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. தங்கராஜு அண்ணாந்து நின்று, முப்பதடி நீள அலுமினியக் கம்பின் நுனியில் மாட்டிய அரிவாளை மரத்து உச்சியில் போட்டு இழுத்தார். முதலில் மட்டை விழுந்தது, பிறகு குலை. இருபத்தைந்து கிலோ குலை மண்ணில் விழுந்தால் நிற்பவரின் கால்வரை அதிரும். சிதறிய பழங்களைப் பொறுக்குவது என் வேலை. முள்ளுக்கும் ஈரப் புல்லுக்கும் நடுவில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூட்டையில் போட வேண்டும். ஒரு மூட்டை நிறைவதற்குள் இடுப்பு விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சும். இருபத்திரண்டு வருசமாகக் கெஞ்சுகிறது, நானும் விட்டபாடில்லை.

தங்கராஜு என் வீட்டுக்காரர். நான் நீலாவதி. புக்கிட் கெலாடி தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய முப்பத்தெட்டு லயத்து வீடுகள் இருக்கின்றன, அதில் ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது வாய்ப்பழக்கம். வீடு கம்பெனியுடையது, வேலை இருக்கும்வரை இருக்கலாம்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஏழரை மணிக்குச் செம்மண் சாலையில் மாநகர் மன்றத்தின் குப்பை லோரி வந்து நின்றது. பின்னால் தொங்கிக்கொண்டு வந்த சன்னாசி குதித்து இறங்கி என்னிடம் வந்தான்.

அந்த லோரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு அது வர ஆரம்பித்தே ஐந்து மாதம்தான் ஆகிறது. அதுவரை லயத்துக்குப் பின்னால் குழி வெட்டிக் குப்பையை எரித்தோம். மழைக்காலத்தில் எரியாது, கொசுதான் வளரும். அடுத்த வீட்டு ரோகினியின் மகள் டெங்கி வந்து சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். மன்றத்தில் போய்க் கேட்டால், தோட்டம் தனியார் நிலம், எங்கள் பொறுப்பில் இல்லை என்பார்கள். தெருவிளக்கு கேட்டாலும் அதே பதில், கால்வாய் கேட்டாலும் அதே பதில். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வருசம் நான் வீடு வீடாக ஏறி இறங்கி அறுபத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். குப்பை எடுக்க வேண்டும், நான்கு விளக்கு போட வேண்டும், அவ்வளவுதான் மனு. அதைத் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சத்தியசீலனிடம் கொடுத்தேன். எங்களுக்கு எல்லாமே ஆபீஸ் வழிதான். கடிதம் வருவதும் ஆபீசுக்கு, போவதும் ஆபீசிலிருந்து. பள்ளிக்கூடத்துக்கு நிரப்பிக் கொடுக்கும் பாரமானாலும் ஆஸ்பத்திரிக் கடிதமானாலும் கிராணியின் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். அது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. சில மாதத்தில் விளக்கு வந்தது, லோரி வந்தது. முதல் நாள் லோரிக்காரர்களுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தோம். சன்னாசி மட்டும் மூன்று தட்டு சாப்பிட்டான். தோட்டமே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது, எனக்கும் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

"அக்கா, மன்றத்துல கீழ்மாடியில பெரிய பிளான் ஒண்ணு ஒட்டி வச்சிருக்கான், பாத்தீங்களா?" என்றான் சன்னாசி.

"என்ன பிளான்?"

"உங்க எடம் முன்ன பச்சையா இருந்துச்சு. இப்ப ஊதாவா மாத்தப் போறான். ஊதான்னா பேக்டரி லா அக்கா. லயத்தையும் சேத்துத்தான். ஆட்சேபம் இருந்தா வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பாரம் குடுக்கணும்னு எழுதிருக்கு."

"உனக்கு யாரு சொன்னா?"

"எங்க குத்தகைக்காரன் போன்ல பேசிக்கிட்டிருந்தான். இந்த ரூட்ட தொறந்ததே வரப்போற பேக்டரிக்காகத்தானாம். குப்பைக்கு ஒதுக்கன காச மன்றக் கூட்டத்துல வெட்டிட்டாங்க. அடுத்த மாசம் லோரிக்கு மூணு பேரு கெடையாது, ரெண்டு பேருதான். ஆனா பேக்டரிக்கு ரோடு போட மட்டும் காசு இருக்கு."

டிரைவர் ஹார்ன் அடித்தார். சன்னாசி ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான்.

மறுநாள் வேலை முடிந்ததும் ரோகினியை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். பிளான் சுவர் அளவுக்கு இருந்தது. எங்கள் கோயில், லயம், பந்து விளையாடும் திடல் எல்லாவற்றின் மேலும் ஊதா பூசியிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. எல்லாம் மலாயில். நின்றபடியே புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் என் கையெழுத்து இருந்தது.

எங்கள் மனுவேதான். முதல் வரியில் நான், எனக்குக் கீழே அறுபது பேர். ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் கண்ணால் கண்டிராத ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. அடிப்படை வசதிகள் கிடைக்கும் பொருட்டு இத்தோட்ட மக்கள் இவ்விடம் நகர்ப்பகுதியாவதை வரவேற்கிறார்கள், இணைத்துள்ள கையெழுத்துகளே சான்று என்று அதில் எழுதியிருந்தது. மேலே கம்பெனியின் பெயர், கீழே மேனேஜர் கார்த்திகேயனின் கையெழுத்து. குப்பையை எடுங்கள் என்று நாங்கள் கேட்டோம். எங்களை எடுப்பதற்கு நாங்களே சம்மதித்ததாக அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ரோகினி இரண்டு தடவை படித்தாள்.

"மனுவோட என்ன வச்சு அனுப்புனாங்கன்னு நீ கேக்கவே இல்லையா?"

"கிராணிகிட்ட குடுத்தேன். எப்பவும் அப்படித்தானே குடுப்போம்."

"அதான். குடுத்துட்டு வந்துட்ட. எம் பேரும் இதுல இருக்கு நீலா."

வீடு வரும்வரை மோட்டாரின் பின்னால் என்னைப் பிடிக்காமலே உட்கார்ந்து வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேராகக் கிராணியின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "மேனேஜர் சொன்னாரு, டைப் அடிச்சேன். ஆபீசுலேர்ந்து போற கடிதத்துக்கெல்லாம் மேல ஒரு லெட்டர் வைக்கறது வழக்கந்தானே," என்றான் சத்தியசீலன், என் முகத்தைப் பார்க்காமல். அவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. அதைவிட அதிகமாக என்னையே சாத்திக்கொள்ளத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை மேனேஜர் ஜீப்பில் காட்டுக்கே வந்துவிட்டார். கார்த்திகேயன் நாற்பது வயதுக்காரர், படித்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் அப்படியே நின்றோம்.

"மன்றத்துக்குப் போய்ட்டு வந்தீங்களாம் நீலாவதி."

"போனேன் சார். எங்களக் கேக்காம எங்க மனு மேல ஒரு லெட்டர் வச்சிருக்கீங்க."

"அந்த லெட்டர் இல்லாட்டி உங்களுக்கு லோரி வந்திருக்குமா? வெளக்கு வந்திருக்குமா? டவுன் வசதி வேணும்னு நீங்கதான் கேட்டீங்க. டவுன் வசதி வேணும், டவுன் மட்டும் வேணாம்னா எப்படி?"

"வீடு போனா வெளக்கு யாருக்கு சார்?"

"அது உடனே நடக்கப் போறதில்ல. நாலஞ்சு வருசமாகும். நடக்கும்போது கம்பெனி பாத்துக்கும். ஆட்சேபம் சொல்றது உங்க உரிமை, நான் தடுக்கல. பாரத்தையெல்லாம் ஆபீஸ்ல குடுங்க. நானே அனுப்பி வைக்கறேன்."

முந்தின நாள் மன்றத்தில் வாங்கி வந்து நிரப்பி வைத்த ஆட்சேபப் பாரம் என் பையில்தான் இருந்தது. சொன்னால் வெட்கம், என் கை தானாகவே பைக்குள் போனது. இருபத்திரண்டு வருசப் பழக்கம். பாதி வெளியே எடுத்தபிறகுதான் உறைத்தது. திரும்பவும் உள்ளே வைத்தேன்.

"இந்தத் தடவ நாங்களே கொண்டு போறோம் சார்."

"நாளைக்கு வேல நாள். குலையெல்லாம் பழுத்து நிக்குது. வராதவங்களுக்கு வார்னிங் லெட்டர் போகும். வீடு வேலக்காரங்களுக்குத்தான், ஞாபகம் இருக்கட்டும்."

தங்கராஜு கம்பைத் தரையில் ஊன்றினார். வேலையிடத்தில் அவர் வாய் திறப்பதே அபூர்வம்.

"வேலைக்கு வந்தாலும் வீடு போவப்போவுது, வராட்டியும் போவப்போவுது. அப்புறம் என்ன சார், போய்ட்டே வர்றோம்."

அன்று மாலை கோயில் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். கூட்டம் இனிப்பாக நடந்தது என்று சொன்னால் பொய். "லோரி கொண்டாந்தேன் லோரி கொண்டாந்தேன்னு ஆடுன, இப்ப பாரு," என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகவே சொன்னார். தப்பு என்னுடையது, படிக்காமல் விட்டுவிட்டேன், இனி அப்படி விடமாட்டேன் என்றேன். ரோகினி எழுந்து என் கையிலிருந்த பாரங்களை வாங்கிக்கொண்டாள்.

"இவ சொன்னான்னு யாரும் கையெழுத்து போட வேணாம். நான் படிக்கறேன். புரிஞ்சவங்க போடுங்க, புரியலன்னா கேளுங்க."

மலாயில் ஒரு வரி படித்தாள், தமிழில் அதையே சொன்னாள். இப்படி மூன்று தடவை. கேள்வி கேட்டவர்கள் கேட்டார்கள், எழுந்து போனவர்கள் போனார்கள். என் மேல் நம்பிக்கை போனது எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அன்றைக்குப் போட்ட ஒவ்வொரு கையெழுத்தும் போட்டவருக்கே சொந்தம், அதுவும் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நாற்பத்தேழு பேர் வேலைக்குப் போகவில்லை. மோட்டாரிலும் பள்ளிக்கூட வேனிலுமாக மன்றத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்மணி முதல் நான்கு பாரங்களை வாங்கிப் பார்த்தார். பிறகு மீதியையும் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"எல்லாவற்றிலும் ஒரே முகவரி இருக்கிறது. ஒரு முகவரிக்கு ஓர் ஆட்சேபம்தான் பதிவாகும்," என்றார் மலாயில்.

தோட்டத்து ஆபீஸ் முகவரிதான் எல்லோரும் எழுதியிருந்தோம். எங்கள் அடையாளக் கார்டிலும் அதேதான் இருக்கிறது. பிறந்ததிலிருந்து எங்களுக்கு வேறு முகவரி கிடையாது. முப்பத்தெட்டு வீடு, நாற்பத்தேழு பேர், ஓர் ஆட்சேபம்.

"இவ்வளவு பேரும் ஒரே வீட்டிலா இருக்கிறோம் புவான்?" என்று மலாயிலேயே மரியாதையாகக் கேட்டேன்.

"எனக்குப் புரிகிறது அக்கா. விதி அப்படி." நிஜமாகவே அவர் முகம் வாடியிருந்தது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது. பன்னிரண்டே காலுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கவுண்டரை மூடினார்கள். இரண்டே முக்காலுக்குத்தான் திறப்பார்கள் என்று காவலாளி எங்களை வெளியே அனுப்பினான்.

கார் நிறுத்தும் இடத்து நிழலில் உட்கார்ந்தோம். திரும்பிப் போய்விட்டால் பாதி நாளாவது மிஞ்சும் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சோகத்தால் இல்லை, ஆத்திரத்தால். ஒவ்வொரு கதவிலும் ஒரு விதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நமக்காக மட்டும் எழுதினாற்போல் இருக்கும் அந்த விதி.

"நம்ம வீட்டுக் குப்பைய எந்த முகவரியில எடுக்கறான்?" என்று திடீரென்று கேட்டாள் ரோகினி.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"ஆபீஸ் முகவரியிலயா எடுக்கறான்? வீடு வீடா நின்னுதானே எடுக்கறான். லோரிக்கு மன்றம் ஒரு லிஸ்ட் குடுத்திருக்கணும்ல. சன்னாசிக்குப் போனப் போடு நீலா."

போட்டேன். லிஸ்ட் டிரைவரிடம் இருக்கிறது, வேலை முடிந்ததும் கொண்டு வருகிறேன் என்றான். மணி இரண்டரைக்கு லோரிக்காரர்கள் மூன்று பேரும் வேலைச் சட்டையோடு வந்து நின்றார்கள். சன்னாசியின் கையில் நான்காக மடித்த தாள். வீடு எண் ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை, ஒவ்வொன்றுக்கும் எதிரில் குடியிருப்பவரின் பெயர், அடியில் மன்றத்து முத்திரை. உட்கார்ந்த இடத்திலேயே பாரங்களில் ஆபீஸ் முகவரிக்கு மேலே அவரவர் வீட்டு எண்ணை எழுதினோம்.

கவுண்டர் திறந்ததும் அந்தத் தாளை நீட்டினேன். பெண்மணி முத்திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

"ஒரே வீட்டு எண்ணில் இருவர் இருந்தாலும் தனித்தனியாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் விசாரணையில் இதைத் தனித்தனியாக எடுத்துக்கொள்வார்களா என்று என்னால் சொல்ல முடியாது."

"வாங்குங்க. விசாரணைக்கும் வர்றோம்," என்றார் தங்கராஜு.

முதல் முத்திரை விழுந்தது. வரிசை மெல்ல நகர்ந்தது. நான்கு மணி வாக்கில் சன்னாசி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்கும் ஒரு பாரம் குடுங்கக்கா."

"நீ டவுன்ல, ராசாவுல இருக்கறவன். உனக்கு எதுக்குடா?"

"யாரு வேணாலும் போடலாம்னு சொவத்துலயே எழுதிருக்கு. மூணு பேர ரெண்டு பேராக்குனதும் இதே மன்றந்தானே. எங்களுக்கு அத எங்க போய்ச் சொல்றதுன்னே தெரியல."

"உங்க குத்தகைக்காரனுக்குத் தெரிஞ்சா?"

"லிஸ்ட்ட குடுத்ததே தெரிஞ்சிருக்கும். இனிமே என்ன லா."

அவனோடு வந்த இருவரும் கை நீட்டினார்கள். ரோகினி மூன்று பேரையும் உட்கார வைத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து வாட்ஸ்அப்பில் சத்தியசீலனின் செய்தி வந்தது. இன்று வேலைக்கு வராத நாற்பத்தேழு பேரும் நாளைக் காலை ஒவ்வொருவராக ஆபீசுக்கு வந்து வார்னிங் லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டும். சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ரோகினி தலையைத் தூக்கவில்லை. சன்னாசியின் பாரத்தில் விரல் வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள்.

"ஒவ்வொருத்தரா எதுக்கு? நாப்பத்தேழு பேரும் ஒண்ணாவே போவோம். நீ சத்தமா படி நீலா, நாங்க கேக்கறோம். எல்லாருக்கும் புரியறவரைக்கும் ஒருத்தரும் பேனாவத் தொடக்கூடாது."

எங்களில் இன்னும் பத்தொன்பது பேர் பாக்கி, மணி நான்கு பத்து. கவுண்டரில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். தங்கராஜு தன் பாரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.