ராஜா ஜோடிக்கு ஒரு நிமிஷம்

...அப்படியென்றால் இரண்டும் ராஜாதான், கறுப்பு ஒன்று சிவப்பு ஒன்று, ஓரத்தைத் தூக்கி இன்னொரு முறை பார்த்தால் மாறிவிடப் போகிறதா என்ன, காலையிலிருந்து மூன்றும் எட்டும் ஐந்தும் இரண்டுமாக வந்துகொண்டிருந்த கைக்கு இப்போதா வரவேண்டும் இது, ஆறு பேர் மிச்சமிருக்கும்போது, அதில் ஐந்து பேருக்குப் பெரிய போட்டியில் இடம் என்கிறபோது... அவன் சீட்டுகளைப் பச்சைத் துணியில் படுக்கவைத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டான். எதிரே வக்கீல் தன்னிடமிருந்த பந்தயச் சில்லுகள் அத்தனையையும் இரண்டு கையாலும் அணைத்து நடுவே தள்ளிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நிஜத்தில் வக்கீலா என்று யாருக்கும் தெரியாது, விதிமுறை பற்றி வாயைத் திறந்தால் மூடமாட்டார், அதனால் அந்தப் பெயர். இந்த மேஜையிலேயே அதிகச் சில்லு அவரிடம்தான், எந்தக் குப்பையை வைத்துக்கொண்டும் தள்ளுவார், இந்த நேரத்தில் யாருக்கும் எதிர்த்து வரத் துணிவு இருக்காது என்று அவருக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் சீட்டைக் கீழே போட்டாயிற்று. அவன் மட்டும்தான் பாக்கி. போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தன்னிடமிருப்பது மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

“என்ன சார், என் சீட்டை எக்ஸ்ரே எடுத்துப் பாக்குறீங்களா?” என்றார் வக்கீல். மதியம் டீ குடிக்கும்போது தன் வேலையைப் பற்றி இவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவன் சிரிக்கவில்லை. இப்போது சிரித்தால் அதிலிருந்தும் எதையாவது படித்துவிடுவார். இடது பக்கம் பார்க்கக் கூடாது, அதுதான் முக்கியம், இடது பக்கம் இரண்டாவது நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், அவள் முன்னால் இரண்டே இரண்டு சில்லு, அடுத்த ஆட்டத்தில் கட்டாயமாக வைக்க வேண்டிய முறை அவளுடையது, அந்த இரண்டும் தானாக நடுவே போய்விடும், என்ன சீட்டு வந்தாலும் சரி. இடம் கிடைக்காமல் ஆறாவதாக வெளியேறப் போவது யார் என்று மேஜையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு அமைதி. எல்லோரும் அவளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்... அவனும்தானே? அவனும்தான்.

காலையில் காரை நிறுத்தும்போது அவள் சொன்னாள், “உள்ள போனதும் நீ யாரோ நான் யாரோ, சரியாப்பா?” சரி என்றான். கண் ஜாடை காட்டினாலும் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று இரண்டு பேரையும் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். ஜெயித்த இடத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. நாலு வருஷமாக இந்த இடத்துக்காகத்தான் அவள் ஆடுகிறாள், அந்தப் பெரிய போட்டி, ஐந்து நாள், கண்ணாடிச் சுவர் வைத்த கூடம்... அவன் ஆட வந்ததே துணைக்கு. போன வருஷம் அவள் ஏழாவதாக வெளியேறி வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள், தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைத்துக்கொண்டு, அவனும் கேட்காத மாதிரியே மகளுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். இந்த ஆட்டத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். முதலாவதாக வந்தவனுக்கும் ஐந்தாவதாக வந்தவனுக்கும் ஒரே பரிசு, அப்புறம் எதுக்கு அதிகமா ஜெயிக்கணும், சும்மா இருக்கத் தெரியணும், ராஜா ஜோடி வந்தாலும் கீழ போடத் தெரியணும் என்பாள்.

“நேரம் கேக்கறேன்,” என்றார் ஓரத்தில் இருந்த பல் டாக்டர். சீட்டுப் போடும் பெண் கடிகாரத்தைத் தட்டிவிட்டு, “சார், உங்களுக்கு ஒரு நிமிஷம்,” என்றாள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

ஒரு நிமிஷம். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க... பதினாலு வருஷமாக எத்தனை நெஞ்சுகளிடம் சொல்லியிருப்பான். படத்தில் கறையைப் பார்த்த பிறகும், எல்லாம் நல்லா இருக்கா சார் என்று கேட்பவரிடம், டாக்டர் சொல்லுவார் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவான், அது பொய்யில்லை, விதிமுறை. இப்போதும் விதிமுறைதான். உள்ளே போனால் என்ன ஆகும்? ஐந்தில் நாலு தடவை ராஜாக்கள் ஜெயிக்கும், ஜெயித்தால் அவனுக்குச் சில்லு கூடும், அவளுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த ஆட்டத்தில் அந்த இரண்டு சில்லு எப்படியும் போகும். ஐந்தில் ஒரு தடவை தோற்பான், தோற்றால் ஆறாவது அவன், இடம் அவளுக்கு. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ராஜா ஜோடியோடு உள்ளே போனவனை யார் என்ன கேட்க முடியும், இதைவிட நல்ல சாக்கு வாழ்க்கையில் கிடைக்காது... ஆனால் அது என்ன பெருந்தன்மை, ஐந்தில் ஒரு பங்கு பெருந்தன்மை? போட்டுவிட்டால் இடம் கிட்டத்தட்ட அவனுடையது. அவளே கற்றுக்கொடுத்த ஆட்டம். அவளே இவன் இடத்தில் இருந்தால் கண்ணிமைக்காமல் போட்டிருப்பாள். போட்டிருப்பாளா? இந்தக் கூடத்தில் ஜன்னலே இல்லை. நேற்று நடந்த ஏதோ கம்பெனிக் கூட்டத்தின் அம்புக்குறிகள் பலகையில் பாதி அழிந்து கிடந்தன, ஒன்று மேலே போகிறது, ஒன்று எங்கேயும் போகாமல் நிற்கிறது. பக்கத்தில் சில்லுச் சத்தம் கேட்டது, அவள்தான், இருக்கிற இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து எடுக்கிறாள், வைக்கிறாள், எடுக்கிறாள்.

“பத்து செகண்ட் சார்.”

அவன் விரல்கள் சீட்டுகளைத் தள்ளின. கவிழ்ந்தபடியே போய் மற்றச் சீட்டுகளோடு கலந்துவிட்டன. வக்கீல் சிரித்துக்கொண்டே ஒரு ஏழையும் ஒரு நாலையும் திருப்பிக் காட்டினார். அடுத்த ஆட்டத்தில் அவளுக்கு ஒரு ராணியும் ஆறும் வந்தது, பல் டாக்டரின் பத்து ஜோடியிடம் தோற்றது. அவள் எழுந்து வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்தாள். அவனுக்கும் கொடுத்தாள், அதே அழுத்தம், அதே நேரம், உள்ளங்கை மட்டும் சில்லென்று இருந்தது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் வெளியே வந்தபோது லிஃப்ட் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

“கொண்டா கையை, ஜெயிச்சவரே. கண்ணாடிக் கூடத்துல சட்டையை ஒழுங்கா உள்ள விட்டுட்டுப் போ, மானத்தை வாங்காதே.” கொஞ்சம் கழித்து, “அந்த ஒரு நிமிஷம் என்ன வச்சிருந்தே?”

“ஒன்பது ஜோடி.”

“ஒன்பதுக்கா அவ்வளவு நேரம்?” அவள் பொத்தானை அழுத்தினாள். “ஆனா சரியாத்தான் போட்ட.”

அவன் தலையாட்டினான். மேலே எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் கேட்டது நியாயம்தான், கணக்கு முதல் ஐந்து வினாடியில் முடிந்துவிட்டது, அப்புறம் மிச்ச நேரமெல்லாம் எதற்கு உட்கார்ந்திருந்தான்... அவள் ஒரு தடவை தலை நிமிர்ந்து தன்னைப் பார்ப்பாளா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான், அவ்வளவுதான். அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், என்று நினைக்க ஆரம்பித்தான், கதவு திறந்தது, அவள் உள்ளே போய் அவனுக்காகத் தள்ளி நின்றாள்.