கொடிக்கம்பி மேல் பழி

"கம்பி மேல பழி போட்டியா? அதுக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்டி!"

கஞ்சி அக்கா சிரித்த சிரிப்பில், மடித்து அடுக்கிய விடுதிப் போர்வைகள் சரிந்துவிடும் போலிருந்தது. அந்தச் சலவைக்கூடத்தில் துணிகளுக்குக் கஞ்சி போடுவது அவள்தான்.

"சிரிக்காதக்கா. துருன்னுதான் நெனச்சேன்" என்றாள் கறைக்காரி.

அவள் பெயரும் வேலையால் வந்ததுதான். எண்ணெயோ, மையோ, துருவோ, துணியை வெளிச்சத்தில் பிடித்ததுமே இன்னதென்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் தன் உள்ளாடையில் பழுப்பாய் ஒரு பொட்டைக் கண்டதும் வீட்டுக் கொடிக்கம்பியைச் சந்தேகப்பட்டாள். பழைய புடவையைக் கிழித்துக் கம்பி முழுக்கச் சுற்றினாள். கறை மறுபடி வந்தது. துருவுக்கான மருந்தைத் தடவினாள், அசையவில்லை. கடைசியில் வெறும் பச்சைத்தண்ணீரில் போட்டாள். இளஞ்சிவப்பாய்க் கரைந்து போனது. துரு இல்லை, ரத்தம்.

குழந்தை பிறந்த பின் மாதவிலக்கு இப்போதுதான் திரும்பியிருந்தது. வந்து, முடிந்தும் போனது. அடுத்தது வருவதற்குள் நடுவில் இது எதற்கு?

"எப்பலேர்ந்து இருக்கு?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளா வாய்க்குப் பூட்டு போட்டிருந்தியாக்கும்! பால் குடுக்கிறப்போ சிலருக்கு இப்படி லேசா படும்னு சொல்றாங்க. சொல்றவங்க யாரும் டாக்டர் இல்ல, என்னையும் சேர்த்துத்தான். போய்க் காட்டு."

"காட்டணும்க்கா."

உள்ளே இயந்திரம் மணியடித்தது. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கறைக்காரி சொல்ல வந்ததில் பாதி மிச்சமிருந்தது. மாமியார் போனில், "பாலை நிறுத்திடு, உடம்பு தன்னால சரியாயிடும்" என்று சொல்லியிருந்தாள். டாக்டரும் அதையே சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் அவள் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஜன்னலோரம் சக்கரம் வைத்த துணிக்கூடையில் மகள் சிணுங்கினாள். கறைக்காரி அவளை எடுத்துக்கொண்டு போர்வைக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வாய் பதிந்ததும் குழந்தையின் கண்கள் மேலே திரும்பின. பகலெல்லாம் பிறர் பார்ப்பது அவள் கைகளைத்தான், கைகளில் இருக்கும் அழுக்கைத்தான். மாலையில் வீட்டுக்குப் போனால் பார்க்க ஆளே இல்லை. இந்த ஒரு ஜோடிக் கண்தான் அவள் முகத்தில் எதையோ படிப்பதுபோல் நிலைத்து நிற்கும். குவியலுக்கு அப்பால் இயந்திரங்கள் இரைந்தன. வெள்ளைத் துணிகளுக்கு நடுவே, யாருக்கும் தெரியாத ஒரு தீவில் தாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒதுங்கியிருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

போன் அதிர்ந்தது. கணவன். கப்பலில் சமையல், ஏதாவது துறைமுகம் வந்தால்தான் குரல் கேட்கும்.

"நாளை வரைக்கும் கப்பல் இங்கதான் நிக்கும். பாப்பா என்ன பண்றா?"

"பால் குடிக்கிறா."

"இங்க கேப்டன் நான் வச்ச சூப்பைக் குடிச்சிட்டு, கடல் தண்ணியே தேவலாம்ங்கிறாரு!"

அவள் சிரித்தாள். பிறகு வழக்கமான கேள்வி.

"வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல" என்பதுதான் அவளுடைய பதில், எப்போதும். இன்று நாக்கு அதற்கு வளையவில்லை.

"இருக்கு" என்றாள். கறை, கம்பி, தண்ணீர், மாமியார் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். குழந்தை ஒரு கையால் அவள் சட்டைப் பொத்தானைப் பற்றிக்கொண்டது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறேங்க. பாலை நிறுத்தச் சொன்னா, அதை நான் தனியா கேட்டுக்க முடியாது. உள்ள கூப்பிட்டதும் உங்களுக்குப் போன் போடுறேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா லைன்ல மட்டும் இருக்கீங்களா?"