குளோரியா வெளியே விட்ட புகை

விவேக் நகரில் இட்லிக் கடை நடத்தும் குளோரியாவின் வாயிலிருந்து போன வருடம் ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் புகை வரத் தொடங்கியது. கோயிலில் ஜெபம் முடித்து வந்த கூட்டம் கடையில் நின்றிருந்தது. அவள் இருமினாள், சட்னி வாளிக்கு மேல் நீலநிறமாக ஒரு முழத்துக்குப் புகை எழுந்து நின்றது. யாரும் விலகிப் போகவில்லை. இரண்டு பேர் இன்னொரு தட்டு கேட்டார்கள். அதற்கு முன்பே மூன்று வருடமாக அவளுக்கு இருமலும் சளியும் இருந்தன. வேகமாக நடந்தால் மூச்சு வாங்கியது. ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் லாயிட், "எல்லாம் அந்த மரத்தூள் அடுப்பு செஞ்ச வேலை" என்று எல்லோரிடமும் சொல்லிவந்தான். இருபது வருடம் அவள் அந்த அடுப்பில்தான் இட்லி அவித்தாள். காஸ் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது.

லாயிட் அவளைக் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்வர்ணா ஒரு குழாயைக் கொடுத்து, இருக்கிற மூச்சு முழுவதையும் வேகமாக ஊதச் சொன்னார். அறை முழுக்கப் புகை. அவர் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கருவியைப் படித்தார்: முதல் விநாடியில் நூற்றுக்கு எழுபது பங்காவது வெளியே வர வேண்டிய காற்று, நாற்பதுதான் வந்திருந்தது. மருந்தை இழுக்கவைத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார். நாற்பத்திரண்டு. மூச்சுக்குழாய்கள் சுருங்கியது சுருங்கியதுதான், இனி விரியாது என்றார்.

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டாம்மா?"

"நானா? ஐயோ, கெடையாது டாக்டர்."

டாக்டர் முகர்ந்து பார்த்தார். கடைசியாக உள்ளே போன புகைதான் முதலில் வெளியே வரும் என்று விளக்கினார். "இது அடுப்புப் புகை இல்ல. பீடி."

லாயிட் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான். தினமும் ஆட்டோவை நிறுத்திவிட்டு, அவள் சமைக்கும் இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவன் பிடித்த பீடியின் வாசனைதான் அது. திரும்பி வரும்போது சிக்னலில் கேட்டான். "குளோரி, பீடியாலதான்னு உனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும். மழைல வெளிய போய்ப் பிடின்னு எப்டி சொல்றது?"

அதன்பிறகு அவன் பீடியைத் தொடவில்லை. அவள் காலையும் மாலையும் இன்ஹேலர் இழுத்தாள், தடுப்பூசி போட்டுக்கொண்டாள், உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சுவிடப் பழகினாள். இருமல் குறைந்தது, புகை குறையவில்லை. டிசம்பரில் பீடிப் புகை தீர்ந்தது. மறுநாளே மரத்தூள் புகை, கறுப்பாக, கண் எரிய வர ஆரம்பித்தது. இருபது வருடத்துப் புகை. பிப்ரவரியில் அவளால் ஒரே மூச்சில் நான்கு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. கட்டிலருகே ஆக்ஸிஜன் இயந்திரம் வந்தது. லாயிட் ஆட்டோவை விட்டுவிட்டுக் கடையில் நிற்கிறான். தினமும் பத்து மணிக்குப் புகையை வெளியே விட அவளை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறான். எதிர்வீட்டுக்காரர்கள் அதற்குள் காயப்போட்ட துணிகளை எடுத்துவிடுகிறார்கள். புகை வரத் தாமதமாகும் நாட்களில் அவளுக்கு என்ன ஆச்சோ என்று அவர்களில் யாராவது ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார்.